ஒரு நாளைக்கு நான்கு வரி

பள்ளிகளில் காலை வழிபாடு முடிந்தவுடன் மாணவர் ஒருவர் முன்வந்து, அன்றைய தேதியையும், திருக்குறள் ஒன்றையும், முக்கியமான செய்திகள் இரண்டினையும், அந்நாளில் பிறந்த சான்றோர் ஒருவரின் பெயரையும் படிப்பது தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம். கரும்பலகையின் ஓர் ஓரத்தில் அன்றைய வானிலையை எழுதுவதும் உண்டு. மறுநாள் காலை அதனை அழித்துவிட்டு வேறு எழுதுவார்கள். இதனை வெறும் சடங்கு என்று எண்ணுவோர் பலர். ஆனால் வானிலை, செய்தி, வரலாறு, பிறந்தநாள் என்னும் இந்நான்கினையும் நாளுக்கு ஒரு வரியாக ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பவர், தம்மை அறியாமலேயே பெரும்பணி ஒன்றினைச் செய்கிறார். ஒரு வரி தனியே நிற்கும்போது அது குறிப்பு மட்டுமே. வேறோர் ஊரில் வேறொருவர் அதே நாளில் எழுதிய வரியோடு அதனைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது அறிவாகிறது. இக்கருத்தினையே இன்று விளக்க விரும்புகிறேன்.

நாட்குறிப்பு என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருபவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் 1709-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் நம் வடசென்னையைச் சேர்ந்த பெரம்பூரில் பிறந்தவர். புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்து, பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக விளங்கினார். 1736-ஆம் ஆண்டு செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761-ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் எழுதினார். கப்பல் வந்தது, பீரங்கி முழங்கியது, சரக்கு விலை ஏறியது, ஊரார் இன்னவாறு பேசிக்கொண்டனர் என அனைத்தையும் தம் காலத்துப் பேச்சுத் தமிழிலேயே பதிந்தார். அவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1846-இல்தான் அந்த ஏடுகள் அறிஞர் பார்வைக்கு வந்தன. இன்று பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றை எழுதுவோர் எவரும் அவரை விலக்கிவிட்டு எழுத இயலாது. அரசாணைகள் சொல்லாதவற்றை ஒரு தனிமனிதரின் நாட்குறிப்பு சொல்லிற்று.

நான்கு வரிகளுக்கும் மேலே தலைப்பாக நிற்பது தேதி. அதனை எழுதுவது எளிது என்று தோன்றும். உண்மையில் அதுவே முதற் பாடம். நாள் எப்போது தொடங்குகிறது? செய்தித்தாளுக்கு நள்ளிரவில் தொடங்குகிறது. பஞ்சாங்கத்திற்குச் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. மழைக்கணக்கிற்கோ காலை 8.30 மணிக்கு! "இன்று காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில்" என்று வானொலியில் நாம் கேட்கும் சொற்றொடரின் பொருள் அதுதான். நேற்று மாலை பெய்த மழை, வானிலைத் துறையின் ஏட்டில் இன்றைய மழையாக ஏறும். இதனை அறியாதவர், "நேற்றுப் பெய்ததை இன்று பெய்ததாகச் சொல்கிறார்களே" என்று குறை கூறுவார்.

பாரதியாரின் நினைவுநாளைப் பற்றிய குழப்பமும் இதனைச் சார்ந்ததே. அவர் 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி இரவு, நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குப் பின் மறைந்தார். உதயம் முதல் நாளை எண்ணும் நம் வழக்கப்படி அது 11-ஆம் நாளின் இரவு. ஆங்கிலக் கணக்குப்படி அது 12-ஆம் தேதி. இரு சாராரும் பொய் சொல்லவில்லை. இரு சாராரின் நாட்களும் வெவ்வேறு இடத்தில் தொடங்குகின்றன.

அமெரிக்கக் குடியரசின் முதற் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் இவ்வாறே இரண்டு பிறந்த தேதிகள் உண்டு. அவர் பிறந்தபோது அந்நாட்டில் வழங்கிய பழைய நாட்காட்டிப்படி அது 1731, பிப்ரவரி 11. அக்காலத்தில் ஆங்கிலேயருக்கு ஆண்டு மார்ச் 25-ஆம் நாள்தான் பிறந்தது. 1752-இல் ஆங்கில அரசு புதிய நாட்காட்டியை ஏற்றபோது, செப்டம்பர் 2-ஆம் தேதிக்கு மறுநாள் 14-ஆம் தேதி என்று அறிவித்துப் பதினொரு நாட்களைத் தள்ளினர். அதன்படி வாஷிங்டன் பிறந்தநாள் 1732, பிப்ரவரி 22 ஆயிற்று.

இது எங்கோ நடந்த கதை அன்று; நம் சென்னைக் கோட்டை வரலாற்றிலும் இதே பதினொரு நாள் குறுக்கிடுகிறது. 1746-இல் லபோர்தனே என்னும் பிரெஞ்சுத் தளபதி சென்னையைக் கைப்பற்றினார். ஆங்கிலேயர் ஏட்டின்படி கோட்டை பணிந்தது செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் ஏட்டின்படி அது செப்டம்பர் 21. அடுத்த மாதம் வீசிய பெரும்புயலில் சென்னைக் கடலில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள் சிதறின. அப்புயலுக்கும் அக்டோபர் 2, அக்டோபர் 13 என இரண்டு தேதிகள். பதினொரு நாள் வேறுபாட்டை அறியாத மாணவன் இரண்டு புயல் அடித்ததாக எழுதிவிடுவான். தேதியை எழுதுவதோடு அது எவர் கணக்கு என்பதையும் அறிந்து எழுத வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இனி முதல் வரியாகிய வானிலைக்கு வருவோம். அமெரிக்க வரலாற்றை நான் இங்கு அடிக்கடி நாடுவதற்குக் காரணம் உண்டு. அந்நாட்டை அமைத்தவர்களுள் பலர் வானத்தை நாள்தோறும் நோக்கிக் குறித்து வைத்தவர்கள். தாமஸ் ஜெபர்சன் விடுதலைப் பிரகடனத்தை வரைந்தவர். அப்பிரகடனம் ஏற்கப்பட்ட 1776, ஜூலை 4 அன்று அவர் பிலடெல்பியா நகரில் ஒரு வெப்பமானியை விலைக்கு வாங்கினார். அன்று பகல் ஒரு மணிக்கு வெப்பம் 76 பாரன்ஹீட் பாகை, அதாவது ஏறக்குறைய 24 செல்சியஸ், என்று குறித்தார். ஒரு நாடு பிறந்த நாளிலும் அவர் தம் வானிலை வரியை விட்டுவிடவில்லை.

அவருக்கு மூத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1706, ஜனவரி 17-இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். நம் நாட்டுப் பஞ்சாங்கத்தைப் போன்ற ஆண்டுநூல் ஒன்றினை 1733 முதல் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் புனைபெயரில் வெளியிட்டவர். 1743-ஆம் ஆண்டு அக்டோபரில் ஓர் இரவு சந்திர கிரகணத்தைக் காண அவர் பிலடெல்பியாவில் காத்திருந்தார். வடகிழக்கிலிருந்து காற்று வீசி, புயல் மூண்டு, வானம் மூடிக்கொண்டது. கிரகணம் தெரியவில்லை. வடகிழக்கே உள்ள பாஸ்டனிலிருந்து காற்று வருவதால், அங்கே முன்னரே புயல் வந்திருக்கும் என்று அவர் எண்ணினார். ஆனால் பாஸ்டனில் இருந்த அவருடைய சகோதரர், தாம் கிரகணத்தை நன்கு கண்டதாகவும், புயல் அதற்குப் பின்னரே வந்ததாகவும் தெரிவித்தார். காற்று வடகிழக்கிலிருந்து வீசினாலும், புயல் தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி நகர்ந்திருக்கிறது! இதனை அவர் ஓர் உவமையால் விளக்கினார். நீண்ட கால்வாயின் மதகைத் திறந்தால் மதகை ஒட்டிய நீர் முதலில் அசையும். அதற்குப் பின்னுள்ள நீர் பின்னர் அசையும். நீர் மதகை நோக்கி ஓடுகிறது. அசைவோ மதகிலிருந்து பின்னோக்கிப் பரவுகிறது.

இங்கே கருதத்தக்கது யாதெனில், பிராங்க்ளினின் குறிப்பு மட்டும் இருந்திருந்தால், அன்று கிரகணம் தெரியவில்லை என்ற ஏமாற்றம் மட்டுமே மிஞ்சியிருக்கும். சகோதரரின் குறிப்பு மட்டும் இருந்திருந்தால் அதில் வியப்பே இல்லை. இரண்டும் சேர்ந்தபோது புயல் ஊர்விட்டு ஊர் நகரும் என்னும் உண்மை வெளிப்பட்டது.

பின்னர் 1821-இல் வீசிய ஒரு புயலுக்குப் பின், வில்லியம் ரெட்பீல்டு என்னும் அமெரிக்கர் ஊர் ஊராகச் சென்றபோது, ஓரிடத்தில் மரங்கள் ஒரு திசையிலும் வேறோரிடத்தில் அதற்கு எதிர்த்திசையிலும் சாய்ந்து கிடப்பதைக் கண்டார். காற்று சுழல்கிறது என்று அவர் உய்த்துணர்ந்தார். அவருடைய ஆராய்ச்சியைப் பின்பற்றி, கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் வங்கக் கடலில் செல்லும் கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டி ஒப்பிட்டார். சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்னும் பெயரை 1848-இல் உலகிற்கு வழங்கியவர் அவரே. மாலுமிகள் அன்றாடம் எழுதிய சில வரிகளே அதற்கு ஆதாரமாயின.

நம் சென்னைக்கும் இத்துறையில் பழம்பெருமை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் ஒன்றைக் கட்டியது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிகளில் பொறித்த எழுத்துகளுடன் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. விண்மீனோடு வெப்பமும் மழையும் அங்கே குறிக்கப்பட்டன. ஆயினும் நுங்கம்பாக்கத்து மழை சடையங்குப்பத்து மழை ஆகாது. ஒரே நகரத்தில் ஒரு புறம் கொட்டும் மழை மறுபுறம் தூறலாகவும் விழாமலிருப்பதை நாம் காண்கிறோம். அதனினும் முக்கியமானது, எங்கள் ஊரின் வெள்ளம் எங்கள் ஊர் மழையால் மட்டும் வருவதன்று.

நேயர்களுள் இப்பகுதியை அறியாதோர்க்காகச் சிறிது விளக்குகிறேன். சடையங்குப்பம், மணலிக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் உள்ளது. கொசஸ்தலையாறு இப்பக்கமாக வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. பக்கிங்காம் கால்வாயும் அருகிலேயே செல்கிறது. மேற்கே, இதே ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்டது பூண்டி நீர்த்தேக்கம். ஆற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழை, ஆந்திர எல்லைக்கு அப்பால் பெய்வதும் சேர்ந்து, பூண்டியை நிறைக்கும். நிறைந்தால் மதகுகளைத் திறந்துவிடுவார்கள். அந்த நீர் ஆற்றோடு இறங்கி எங்கள் பக்கம் வரும்போது இங்கே மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருக்கக்கூடும். அப்போது கடலில் ஏற்றமாக இருந்தாலும், முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தாலும் நீர் வடியாது; ஊருக்குள் ஏறும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடலேற்றம் மிகுதி என்பது கடலோரத்தார் நன்கறிந்தது. ஆகவே இங்கே வானிலை வரியோடு பஞ்சாங்கத் திதியும் எழுதத் தக்கதே.

2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திரத்துப் பாபட்லா அருகே. வெள்ளம் சூழ்ந்ததோ சென்னையை. அவ்வெள்ளத்தோடு ஆலைப் பகுதியின் எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை படர்ந்து, மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் கறைப்படுத்தியது. புயலின் இருப்பிடத்தை மட்டும் கேட்டு, "அது நம் ஊருக்கு வரவில்லை" என்று இருந்தவர்க்கு அது கடுமையான பாடம். பூண்டியில் மதகு திறந்த நேரம் ஒன்று. நம் தெருமுனையில் நீர் ஏறிய நேரம் ஒன்று. இடையே எத்தனை மணி? ஒவ்வொரு தெருவுக்கும் உரிய அக்கணக்கு, அந்தத் தெருவில் இருந்து எழுதி வைத்தவரிடமே இருக்கும். நடக்க இயலாத முதியவரை மேட்டிற்குக் கொண்டுசெல்லவும், மாட்டை அவிழ்த்துவிடவும், பிள்ளைகளின் புத்தகங்களைப் பரண்மேல் ஏற்றவும் கிடைக்கும் அவகாசம் அந்தச் சில மணி நேரமே.

மழையை அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, நேரான பாத்திரம் ஒன்றை மரநிழலும் சுவரும் இல்லாத வெளியில் வைத்து, காலை எட்டரை மணிக்கு அளவுகோலால் அளந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். நூறு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் விழுந்தால் அது ஏறத்தாழ நான்கு இலட்சம் லிட்டர். இக்கணக்கைப் போட்டுப் பார்த்த சிறுவன், ஏரியை மூடி மனை போடுவதன் விளைவைத் தானே உணர்வான்.

இரண்டாவது வரி செய்தி. செய்தி வேறு, வதந்தி வேறு என்பதற்கு வடசென்னையின் வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு. 1914, செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. இது செய்தி. கப்பல் சிறிது நேரத்திலேயே அகன்றுவிட்டது. ஆனால் அது மீண்டும் வரும் என்ற பேச்சால் மக்கள் திரள் திரளாக நகரை விட்டு வெளியேறினர். அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் எம்டன் வீழ்ந்தது. கப்பல் அழிந்தும், 'எம்டன்' என்னும் சொல் சூழ்ச்சித் திறம் மிக்கவனைக் குறிக்கத் தமிழில் நிலைத்துவிட்டது. அன்றன்று கேட்டதை எழுதுவோர், யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற இரண்டினையும் சேர்த்து எழுதினால், பின்னாளில் உமியும் அரிசியும் பிரிந்துவிடும்.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளைப் பற்றி நம் மீனவர் நன்கறிவர். எண் 1 என்றால் தொலைவில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியுள்ளது என்று பொருள். எண் ஏற ஏற அபாயம் மிகும். 10 என்பது பெரும் அபாயம். அதற்கும் மேலே 11 என்று ஒன்றுண்டு. வானிலை எச்சரிக்கை மையத்தோடு செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். எல்லாவற்றினும் உயர்ந்த எண்ணைச் செய்தியின்மைக்கு அளித்திருக்கிறார்கள். ஓர் ஊருக்கு வரக்கூடிய அபாயங்களுள், பிற ஊரின் சொல் வந்து சேராதிருப்பது எத்துணைப் பெரியது என்பதை இது காட்டும்.

மூன்றாவது வரி, இதே நாளில் முன்பு நடந்தது. இதில் மனம் மயங்குவது எளிது. ஜெபர்சனும், அவருக்கு முன் குடியரசுத் தலைவராக இருந்த ஜான் ஆடம்ஸும் 1826, ஜூலை 4 அன்று, விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளிலேயே மறைந்தனர். ஐந்தாண்டு கழித்து ஜேம்ஸ் மன்ரோவும் அதே ஜூலை 4-இல் மறைந்தார். ஆபிரகாம் லிங்கனும் சார்லஸ் டார்வினும் 1809, பிப்ரவரி 12 என்னும் ஒரே நாளில் பிறந்தனர். நம் நாட்டில் காந்தியடிகளும் லால்பகதூர் சாஸ்திரியும் பிறந்த அக்டோபர் 2-இல்தான் 1975-ஆம் ஆண்டு காமராசர் மறைந்தார். இவை வியப்பூட்டும் ஒற்றுமைகள். ஆனால் ஒற்றுமை வேறு, காரணம் வேறு. பிராங்க்ளின் இரண்டு ஊர்க் குறிப்புகளை ஒப்பிட்டுக் காரணத்தைக் கண்டார். நாம் இரண்டு தேதிகளை ஒப்பிட்டு வியந்து நின்றுவிடலாகாது. தேதி ஒற்றுமை நினைவிற்குப் பிடிகயிறு. அதற்கு மேல் அதில் தேடுவது வீண்.

நான்காவது வரி பிறந்தநாள். புகழ்பெற்றோர் பிறந்தநாளை எழுதும்போது புகழை மட்டும் எழுதுவது நாட்குறிப்புக்கு அழகன்று. 1649, ஏப்ரல் 5-இல் பாஸ்டனில் பிறந்த எலிஹூ யேல், 1687 முதல் 1692 வரை நம் புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்தார். இங்கே ஈட்டிய செல்வத்திலிருந்து அவர் 1718-இல் அனுப்பிய சரக்குப் பொதிகளும் நூல்களுமே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அப்பெயரைத் தாங்கக் காரணமாயின. இது ஒரு பக்கம். அவர் காலத்தில் இக்கடற்கரையிலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர் என்பது மறுபக்கம். அங்குள்ளோர் ஏடு கொடையைப் பேசும். நம் கரையின் ஏடு கப்பலேறியவர்களைப் பேசும். இரண்டையும் ஒருங்கே வைத்தால்தான் மனிதர் முழுமையாகத் தெரிவார்.

ஆனால் பிறந்தநாள் பெரியோர்க்கு மட்டும் உரியதோ? பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வந்த தாயிடம் பிறந்த தேதியைக் கேட்டால், "பெரிய புயல் அடிச்ச மறுமாசம் பிறந்தான் சார்" என்று விடை வந்த காலம் ஒன்றிருந்தது. பிறப்பைப் பதியும் சட்டம் 1969-இல் வந்தும் பழக்கம் உடனே மாறிவிடவில்லை. தலைமையாசிரியர் கணித்து, ஜூன் மாதத்தில் ஏதேனும் ஒரு தேதியை எழுதுவார். அத்தேதியே அவன் வேலைக்கும் ஓய்வுக்கும் அளவாகிவிடும். அந்தப் புயல் எந்த நாளில் அடித்தது என்று எவரேனும் ஊரில் எழுதி வைத்திருந்தால், அப்பிள்ளைக்கு அவனுடைய உண்மையான பிறந்தநாள் கிடைத்திருக்கும். வானிலை வரி எழுதுபவர், ஊரார் பிறந்தநாளையும் காத்தவர் ஆவார்.

ஆதலால் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இது. கரும்பலகையில் எழுதி அழிப்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். நாளுக்கு நான்கு வரி போதும். மழை எவ்வளவு, ஆற்றிலும் கால்வாயிலும் நீர் எந்தப் படியில் நின்றது, கேட்ட செய்தி எது, யார் சொன்னது, யார் பிறந்தநாள் என்பவற்றை எழுதட்டும். வெள்ளம் வந்தால் சுவரில் நீர் நின்ற மட்டத்தில் கோடிட்டுத் தேதியும் நேரமும் பொறிக்கட்டும். வெள்ளை அடிக்கும்போது அக்கோடு மறைந்துவிடும்; நோட்டில் எழுதியது மறையாது. வடிகால் வேண்டுமென்று விண்ணப்பம் எழுதும் நாளில், "நீர் மார்பளவு வந்தது" என்ற சொல்லைவிட, "இன்ன தேதி, இன்ன நேரம், தரையிலிருந்து இத்தனை அடி" என்ற வரிக்கு மதிப்பு மிகுதி.

பின்னர் சடையங்குப்பத்துப் பிள்ளை தன் நோட்டை எண்ணூர்ப் பிள்ளையின் நோட்டோடும், திருவொற்றியூர்ப் பிள்ளையின் நோட்டோடும், பூண்டி அருகே படிக்கும் பிள்ளையின் நோட்டோடும் ஒப்பிடட்டும். பாஸ்டனிலிருந்த சகோதரர் பிலடெல்பியாவுக்குச் சொன்னதைப் போல, மேற்கே இருப்பவர் கிழக்கே இருப்பவருக்குச் சொல்லட்டும். அடுத்த வெள்ளம் வரும்போது, அது எப்போது எந்தத் தெருவில் ஏறும் என்பதைக் கணித்துச் சொல்லும் ஆற்றல் அந்தப் பிள்ளைகளிடமே இருக்கும்.